பூட்டிய அறைக்கு வாசலில் ஒரு கணக்கு நோட்டு



பி.காம். படிக்கிற பையன் லினக்ஸ் கெர்னலைப் பற்றி எழுதுகிறானே, தலையில் ஏதாவது அடிபட்டுவிட்டதா என்று நினைக்காதீர்கள். :) இதுவும் கணக்கு சம்பந்தப்பட்ட விஷயம்தான். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு திரும்பி வந்தது, மீதி எங்கே என்கிற அதே பழைய கேள்வி. என்ன, இங்கே கொடுப்பது நூலோ தகடோ அல்ல, கணினியின் நினைவகம். வாங்கிக்கொள்வது, உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் காட்டாத ஒரு மென்பொருள் துண்டு. அப்படிப்பட்ட ஆளிடம் கணக்குக் கேட்க உலகம் எப்படிக் கற்றுக்கொண்டது, அதில் நம் பக்கத்து பெங்களூரில் இருந்த சிலருக்கு என்ன பங்கு என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் எங்க ஊர்க் கதை

எனக்கு அனுப்பர்பாளையம். திருப்பூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு பனியன்தான் நினைவுக்கு வரும். எங்கள் பகுதிக்கோ பாத்திரம்தான் முதல் அடையாளம். பித்தளை, செம்பு, எவர்சில்வர் என்று பட்டறைச் சத்தத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் என் மாமா பாத்திரத் தொழிலில் இல்லை. சின்னதாக ஒரு நிட்டிங் வைத்திருக்கிறார். ராத்திரி பகல் ஓடும்.

அங்கே நூலையும் துணியையும் எடை போட நான்கு எலக்ட்ரானிக் தராசுகள். நான்கும் ஒரு பழைய லினக்ஸ் கணினியில் சேர்கின்றன. 2 ஜிபி நினைவகம்தான். தராசுகளை இணைக்க ஒரு அட்டை; அந்த அட்டைக்கு ஒரு டிரைவர். டிரைவரை விற்றவர்கள் அதன் மூலநிரலைத் தரவில்லை, கம்பைல் செய்த கோப்பை மட்டும் கொடுத்தார்கள். எடையைப் படித்துப் பதிவு செய்யும் புரோகிராமை எழுதியது என் கல்லூரி சீனியர் அண்ணன் ஒருவர். அவரை மாமாவிடம் சிபாரிசு செய்தது நான். பிரச்சினையே அங்கேதான்.

அந்தக் கணினி ஐந்து ஆறு நாளைக்கு ஒருமுறை அப்படியே உறைந்துவிடும். சுவிட்சை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். மறுபடி ஐந்து நாள்...

"ஏங்கண்ணு, உன்ற சீனியரு எழுதுனது இப்படி நின்னு நின்னு போகுதே. மிச்சப் பணத்த எப்படிக் குடுக்கறது?" என்றார் மாமா.

"இல்லீங்க மாமா, அவரு மூணு தடவ பாத்துட்டாருங்க. புரோகிராம்ல தப்பில்லைங்கறாரு."

"அப்ப யாரு தப்பு?"

அட்டை விற்றவர்களைக் கேட்டால் "உங்க புரோகிராம் சரியில்லை" என்றார்கள். அண்ணனைக் கேட்டால் "டிரைவர் சரியில்லை" என்றார். டிரைவரைத் திறந்து பார்க்கலாம் என்றால் அது பூட்டிய அறை. நடுவில் 15,000 ரூபாய் நிற்கிறது. அண்ணனுக்கு அது செமஸ்டர் ஃபீஸ்.

இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடிப் படிக்கப் போய்த்தான் இந்த வரலாறு முழுவதும் தெரிய வந்தது.

கெர்னல் கடன் என்றால் என்ன?

சாதாரண புரோகிராம் ஒன்று நினைவகத்தை வாங்கிக்கொண்டு திருப்பித் தராமல் இருந்தால் பெரிய நஷ்டமில்லை. புரோகிராமை மூடியதும் இயங்குதளம் எல்லாவற்றையும் பறிமுதல் செய்துவிடும். ஆள் கடையை மூடிவிட்டால் பாக்கி தானாக வசூலாகிவிடுகிற மாதிரி. நிஜ வாழ்க்கையில் அப்படி நடப்பதில்லை என்பது வேறு விஷயம். :)

கெர்னலுக்குள் அப்படிக் கிடையாது. கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. டிரைவர்கள் மாட்யூல்களாக அதற்குள்ளேயே சேர்க்கப்படுகின்றன. உள்ளே போன மாட்யூல் வீட்டு ஆள் மாதிரி. அது லினக்ஸில் "கேமாலாக்" என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு நினைவகம் கேட்கும். வேலை முடிந்ததும் "கேஃப்ரீ" மூலம் திருப்பித் தரவேண்டும். தராவிட்டால் பறிமுதல் செய்ய மேலே யாரும் இல்லை. மாட்யூலையே வெளியே எடுத்தாலும் அது வாங்கிய நினைவகம் திரும்பாது. கணினியை அணைத்துப் போட்டால்தான் உண்டு.

மாமா கம்பெனியில் நடந்தது இதுதான் என்பதற்கு ஒரு அறிகுறி இருந்தது. எந்த புரோகிராமின் கணக்கிலும் நினைவகம் ஏறவில்லை. கெர்னலின் சொந்தக் கணக்கில், அதுவும் திரும்பப் பெற முடியாதது என்ற தலைப்பின் கீழ், தினமும் ஏறிக்கொண்டே இருந்தது. அதாவது கடன் வாங்கியவர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். ஆனால் யார்?

பெயர் எழுதி வைக்கும் பழக்கம்

கெர்னல் நினைவகத்துக்கு ஒழுங்கான கிடங்கு முறை 1994ல் வந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த ஜெஃப் பான்விக், சன்ஓஎஸ் 5.4க்காகச் செய்த "ஸ்லாப்" முறையை அந்த வருடம் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் விளக்கினார். ஒரே அளவுள்ள துண்டுகளைத்தான் கெர்னல் திரும்பத் திரும்பக் கேட்கிறது. ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி அலமாரி வைத்துவிட்டால் தேடுகிற நேரம் மிச்சம் என்பது அதன் அடிப்படை. கணக்குக்கும் அதில் இடம் இருந்தது. தேவைப்பட்டால் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் யார், எப்போது, எந்த வழியாக வந்தார் என்று பதிவு செய்துகொள்ளும் வசதியை அவர் அப்போதே சேர்த்திருந்தார்.

லினக்ஸும் 2.2 காலத்திலேயே ஸ்லாப் முறையை எடுத்துக்கொண்டது. எந்த அளவில் எத்தனை துண்டு வெளியே போயிருக்கிறது என்ற பட்டியலைப் பார்க்கலாம். ஆனால் அது மொத்த ஸ்டாக் மட்டும்தான். 4,096 பைட் அலமாரியில் இருந்து ஐந்து லட்சம் துண்டு போயிருக்கிறது என்று தெரியும். யார் பெயரில் என்று தெரியாது. பார்ட்டி லெட்ஜர் இல்லாத ஸ்டாக் ரிஜிஸ்டர் என்று காமர்ஸ் பாஷையில் சொல்லலாம்.

இந்த இடத்தில் மைக்ரோசாஃப்ட்டைப் பாராட்டத்தான் வேண்டும். விண்டோஸ் என்டி வரிசையில் டிரைவர் எழுதுபவர் நினைவகம் கேட்கும்போதே நான்கு எழுத்தில் ஒரு அடையாளக் குறி கொடுக்கும் முறை இருந்தது. அதன் பெயர் பூல் டேக். பூல்மான் என்ற கருவியை ஓட்டினால் ஒவ்வொரு குறியின் கீழும் எத்தனை வாங்கப்பட்டது, எத்தனை திரும்பியது, மீதி எவ்வளவு என்று தெரியும். விண்டோஸ் எக்ஸ்பியில் இதைத் தனியாக இயக்கிவிட வேண்டும். 2003ல் வந்த விண்டோஸ் சர்வரிலிருந்து எப்போதுமே இயங்கும்.

விண்டோஸ் டிரைவர்கள் பெரும்பாலும் மூலநிரல் இல்லாமல் வருபவை. எல்லோரும் பூட்டிக்கொண்டு வேலை செய்கிற ஊரில்தான் வாசல் கணக்கு முதலில் ஒழுங்காக இருந்தது! யோசித்தால் ஆச்சரியமில்லை. எங்கள் திருப்பூரும் அப்படித்தான். நூல் ஒரு இடம், நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காம்பாக்டிங் ஒரு இடம். யாரும் யாருடைய பட்டறைக்குள்ளும் போய் நிற்க முடியாது. அதனால்தான் ஒவ்வொரு வாசலிலும் எடையும் டிசியும் கறாராக இருக்கின்றன. பாத்திரத் தொழிலிலும் தகட்டை நிறுத்துக் கொடுத்து, பாத்திரத்தை நிறுத்துத்தான் வாங்குகிறார்கள்.

ஆனால் பூல் டேக் முறையில் ஒரு ஓட்டை உண்டு. குறியை எழுதுபவர் டிரைவர்காரரேதான். வேறொருவருடைய குறியை அவர் போட்டாலும் தடுக்க ஆளில்லை. கடன் வாங்குபவர் சொல்கிற பெயரை நம்பி எழுதுகிற நோட்டு அது.

லினக்ஸ் வீட்டில் பூட்டிய அறைகள்

லினக்ஸில் எல்லா மூலநிரலும் திறந்துதானே இருக்கிறது, பிறகென்ன பிரச்சினை என்று கேட்கலாம். கெர்னலின் மூலநிரல் திறந்ததுதான். ஆனால் கிராபிக்ஸ் அட்டை, மோடம் போன்றவற்றைச் செய்தவர்கள் சிலர் மூடிய மாட்யூல்களைக் கொடுத்தார்கள். வேறு வழியில்லாமல் மக்களும் பயன்படுத்தினார்கள்.

இதனால் தலைவலி கெர்னல் எழுதுபவர்களுக்கு. எங்கோ ஒரு கணினி விழுந்துவிட்டது என்று கடிதம் வரும். உட்கார்ந்து ஆராய்ந்தால் மூடிய மாட்யூல் ஒன்று உள்ளே இருந்திருக்கும். 2001ல், 2.4 வரிசையில், இதற்கு ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு மாட்யூலும் தன் உரிமம் என்ன என்று சொல்ல வேண்டும். மூடிய உரிமம் என்றால் கெர்னல் தன் மேல் "கறை படிந்தது" என்று ஒரு முத்திரை குத்திக்கொள்ளும். அந்த முத்திரையோடு புகார் வந்தால், "அந்த மாட்யூல் இல்லாமல் இதே கோளாறைக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம்" என்று பதில் வரும்.

2004 ஏப்ரலில் இதில் ஒரு வேடிக்கை நடந்தது. லினக்ஸன்ட் என்ற நிறுவனம் மோடம்களுக்கு டிரைவர் கொடுத்துவந்தது. அதன் மாட்யூல்களில் உரிமத்தின் பெயர் "ஜிபிஎல்" என்று ஆரம்பிக்கும். உடனே ஒரு பூஜ்ய எழுத்து. அதற்குப் பிறகுதான் நிஜ நிபந்தனைகள். சி மொழியில் பூஜ்ய எழுத்து வந்தால் சொல் முடிந்துவிட்டது என்று பொருள். கெர்னல் "ஜிபிஎல்" வரை படித்து, நம்ம ஆள்தான் என்று உள்ளே விட்டுவிடும். முத்திரையும் விழாது! கண்டுபிடித்தபோது பெரிய சண்டை. பல மாட்யூல்கள் ஏற்றும்போது எச்சரிக்கை திரும்பத் திரும்ப வந்து வாடிக்கையாளர்களைக் குழப்புகிறது, அதனால்தான் அப்படிச் செய்தோம் என்றது நிறுவனம்.

எனக்கு இதில் தெரிந்த பாடம் ஒன்றுதான். தன்னைப் பற்றி மாட்யூல் சொல்லிக்கொள்வதை மட்டும் நம்பி கணக்கு எழுத முடியாது. நான்கெழுத்துக் குறியானாலும் சரி, உரிமப் பெயரானாலும் சரி. வாசலில் நிற்பவர் தன் கண்ணால் பார்த்து எழுத வேண்டும்.

பெங்களூரில் இருந்து வந்த வாட்ச்மேன்

இப்போது கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

ஓடுகிற கெர்னலை நிறுத்தாமல் உள்ளே நடப்பதைப் பார்க்கும் கருவி ஒன்று ஐபிஎம்மில் இருந்தது. ஓஎஸ்/2 காலத்து யோசனை அது. ரிச்சர்ட் மூர் என்பவரும் அவர் குழுவும் அதை 2000ல் "டைனமிக் ப்ரோப்ஸ்" என்ற பெயரில் லினக்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் அது பெரிய மூட்டை. கெர்னலுக்குள் அப்படியே சேரவில்லை. அதன் சாரத்தை மட்டும் பிரித்துச் சின்னதாகச் செய்ததுதான் "கேப்ரோப்ஸ்".

கேப்ரோப்ஸின் மூலநிரல் கோப்பின் தலைப்பில் அதன் வரலாறு சுருக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. 2002 அக்டோபரில் முதல் வடிவத்தை எழுதியவர் வம்சி கிருஷ்ணா. 2004 ஜூலையில், ஒரு ஃபங்ஷனுக்குக் கொடுக்கப்படும் விவரங்களைப் படிக்கும் வசதியைச் சேர்த்தவர் சுபர்ணா பட்டாச்சார்யா. அதே ஆகஸ்டில் மாற்றி அமைத்தவர் பிரசன்னா பஞ்சமுகி. மூவருடைய மின்னஞ்சல் முகவரியிலும் ஐபிஎம்முக்கு முன்னால் இந்தியாவைக் குறிக்கும் இரண்டெழுத்து. பெங்களூரில் இயங்கிய ஐபிஎம்மின் லினக்ஸ் குழு அது. 2004 அக்டோபரில் வெளியான லினக்ஸ் 2.6.9ல் கேப்ரோப்ஸ் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. நாம் கண்காணிக்க விரும்பும் ஃபங்ஷனின் முதல் கட்டளையை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் "நில்" என்ற கட்டளையை வைக்கும். இன்டெல் வகைச் சிப்புகளில் இது ஒரே ஒரு பைட். யார் அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டாலும் அங்கே நிற்பார்கள். நாம் எழுதிக்கொள்ள வேண்டியதை எழுதிக்கொள்கிறோம். பிறகு பத்திரமாக வைத்த கட்டளையை ஓடவிட்டு, "போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிடுகிறோம். நம் கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தி டிசி பார்த்து அனுப்புகிற வாட்ச்மேன்தான். மாட்யூல்காரரிடம் மூலநிரல் கேட்க வேண்டியதில்லை. கெர்னலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை. கணினியை நிறுத்தக்கூட வேண்டியதில்லை.

நினைவகக் கணக்குக்கு இது மட்டும் போதாது. கேமாலாக் வாசலில் உள்ளே போகும்போது எத்தனை பைட் என்று தெரியும். ஆனால் எந்த முகவரியில் கிடைத்தது என்பது வெளியே வரும்போதுதான் தெரியும். திருப்பித் தருபவர் அந்த முகவரியைச் சொல்லித்தான் தருவார். முகவரி இல்லாவிட்டால் எந்த வரவு எந்தப் பற்றுக்கு என்று சேர்க்க முடியாது. பில் நம்பர் இல்லாத பேமென்ட் மாதிரி. அந்தக் குறை 2005 மே மாதம் தீர்ந்தது. ஹியன் நுயென், ஜிம் கெனிஸ்டன், பிரசன்னா பஞ்சமுகி மூவரும் ஒரு ஃபங்ஷன் முடிந்து திரும்பும் இடத்திலும் நிறுத்திப் பார்க்கும் வசதியைச் சேர்த்தார்கள். அதோடு இரட்டைப் பதிவு முழுமையானது.

சரி, கேட்டது எந்த மாட்யூல் என்று எப்படித் தெரியும்? ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடும்போது, முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியை கணினி குறித்து வைக்கும். அந்த முகவரி கூப்பிட்டவருடைய வீட்டுக்குள் இருக்கும். ஒவ்வொரு மாட்யூலும் நினைவகத்தில் எங்கே ஆரம்பித்து எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்ற பட்டியல் கெர்னலிடம் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டால் ஆள் சிக்கிவிடுவார். அறைக்குள் நாம் போகவில்லை. ஆனால் எந்த அறையிலிருந்து வந்தார் என்று தெரிந்துவிட்டது. இது அவர் சொன்ன பெயர் அல்ல, அவர் வந்த வழி.

அதே காலத்தில் சன் நிறுவனத்தில் பிரயன் கான்ட்ரில், மைக் ஷபிரோ, ஆடம் லெவன்தால் மூவரும் டிட்ரேஸ் என்ற கருவியைச் செய்து 2005ல் வந்த சோலாரிஸ் 10ல் கொடுத்தார்கள். இன்றும் பலர் கொண்டாடும் கருவி அது. லினக்ஸ் பக்கம் அதே 2005ல் ரெட் ஹேட், ஐபிஎம், இன்டெல் சேர்ந்து சிஸ்டம்டேப்பை ஆரம்பித்தன. அதற்கு அடித்தளம் கேப்ரோப்ஸ்.

நோட்டு அச்சடித்து வந்த காலம்

2009ல் வேலை இன்னும் சுலபமானது. எடுவர்ட் கேப்ரியல் முன்டியானு தொடங்கிவைத்த வேலையின் பலனாக, நினைவகம் கொடுக்கும் இடங்களில் நிரந்தரக் கண்காணிப்புப் புள்ளிகள் லினக்ஸில் வந்தன. கூப்பிட்ட இடம், கிடைத்த முகவரி, கேட்ட அளவு, கொடுத்த அளவு என்று அச்சடித்த பத்திகள். கேட்டதும் கொடுத்ததும் ஏன் தனித்தனி? 33 பைட் கேட்டால் அந்த அளவுக்கு அலமாரி இல்லை. 64 பைட் துண்டுதான் கிடைக்கும். மீதி 31 வீண். எங்கள் ஊரில் பிராசஸ் லாஸ் என்று எழுதுவோம்.

அதே வருடம் லினக்ஸ் 2.6.31ல் கட்டலின் மரினாஸ் எழுதிய கேமெம்லீக் வந்தது. அது வேறு வழி. கொடுத்த துண்டுகளையெல்லாம் பட்டியல் போட்டுக்கொண்டு, நினைவகம் முழுவதும் தேடும். ஒரு துண்டின் முகவரியை யாருமே எங்கும் குறித்து வைத்திருக்கவில்லை என்றால் அதைத் திருப்பித் தர யாராலும் முடியாது. அது வாராக்கடன் என்று அறிவித்துவிடும்.

பின்னாளில் இபிபிஎஃப் வந்தது. 2015லிருந்து கேப்ரோப்ஸோடு அதைச் சேர்த்து, கெர்னலுக்குள்ளேயே பாதுகாப்பாகக் கூட்டிக் கழித்துச் சொல்லும் சின்னச் சின்னக் கருவிகள் எழுத முடிகிறது. நினைவகக் கசிவுக்கான கருவியில் இத்தனை நேரத்துக்கு மேல் திரும்பாததை மட்டும் காட்டு என்று சொல்லலாம். படித்தபோது எனக்கு ஜிஎஸ்டி வகுப்புதான் நினைவுக்கு வந்தது. மத்திய ஜிஎஸ்டி சட்டம் 143ஆம் பிரிவின்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு 1 வருடத்துக்குள் திரும்ப வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனைக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே சப்ளை செய்ததாகக் கணக்கு. "இவ்வளவு நாள் வரவில்லை என்றால் சந்தேகப்படு" என்ற விதி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

வாசல் கணக்கு ஏமாறும் இடங்கள்

எல்லாம் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்களே முதல் நாள் தவறான வாசலில் உட்கார்ந்திருந்தோம்.

முதலாவது, வாசல் ஒன்றல்ல. எவ்வளவு வேண்டும் என்பது கம்பைல் செய்யும்போதே தெரிந்திருந்தால், கேமாலாக் அந்த இடத்திலேயே கரைந்து, நேராக அலமாரிக்குப் போகும் வேறு ஃபங்ஷனாக மாறிவிடும். பொது வாசலில் நின்றால் ஒன்றும் சிக்காது. முழுப் பக்கங்களாக வாங்குவதற்கும், பெரிய அளவில் வாங்குவதற்கும் தனித்தனி வாசல்கள் உண்டு. எல்லாவற்றிலும் ஆள் நிறுத்த வேண்டும்.

இரண்டாவது, வாங்கியவரே திருப்பித் தரவேண்டும் என்பதில்லை. நெட்வொர்க் டிரைவர் வாங்கும் துண்டை அது கெர்னலின் நெட்வொர்க் பகுதியிடம் ஒப்படைக்கும். திருப்பித் தருவது அந்தப் பகுதி. மாட்யூல் தந்ததை மட்டும் வரவு வைத்தால் நல்லவரும் திருடராகத் தெரிவார். ஆகவே யார் தந்தாலும் முகவரியைப் பார்த்து வரவு வைக்க வேண்டும்.

மூன்றாவது, மூடிய மாட்யூல்கள் சில, கெர்னலோடு பேசுவதற்கு ஒரு மெல்லிய இடைத்தட்டு வைத்திருக்கும். உள்ளே நூறு பேர் கேட்டாலும் வாசலுக்கு வருவது அந்த ஒரே ஆள். அப்போது அவர் பின்னால் நிற்கும் வரிசையையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். இன்னும் சில மாட்யூல்கள் மொத்தமாக ஒரு பெரிய துண்டை வாங்கி உள்ளேயே சில்லறையாகப் பிரித்துக்கொள்ளும். அந்தச் சில்லறைக் கணக்கு வாசலில் தெரியவே தெரியாது.

எங்கள் கணக்கு

இரண்டாம் நாள் சரியான இடத்தில் உட்கார்ந்தோம். சீனியர் அண்ணன் கண்காணிப்பை இயக்கினார், நான் கூட்டிக் கழித்தேன். ஒரு மணி நேரம். தராசுப் போர்ட்டைத் திறந்து எடையைப் படித்து மூடும் வேலையை புரோகிராம் நொடிக்கு ஒருமுறை செய்துகொண்டிருந்தது. 3,600 முறை திறப்பு. ஒவ்வொரு திறப்புக்கும் அட்டையின் டிரைவர் 4,096 பைட் வாங்குகிறது. எந்த வரியிலிருந்து என்றுகூடத் தெரிந்தது. எப்போதும் ஒரே இடம். திரும்பி வந்தது? ஒன்றுகூட இல்லை.

ஒரு நாளைக்கு 86,400 நொடி. தலா 4 கேபி என்றால் 3,45,600 கேபி, அதாவது சுமார் 337 எம்பி. 2 ஜிபி கணினி ஐந்து ஆறு நாளில் உறையாமல் என்ன செய்யும்? கால்குலேட்டரில் அந்த எண் வந்தபோது இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஒரே பக்கத்தில் பட்டியலாக எழுதி மாமாவிடம் காட்டினேன். கெர்னல், மாட்யூல் எதுவும் அவருக்குப் புரியாது. "குடுத்தது 3,600, வந்தது சைபர்" என்ற வரி மட்டும் புரிந்தது.

"அட, டிசி போட்டு வாங்கிட்டுப் போயி திருப்பியே தரலயாக்கும்!" என்றார். அன்று சாயங்காலமே அண்ணனுக்குப் பாக்கிப் பணம் கிடைத்தது.

அண்ணனும் போர்ட்டை ஒருமுறை திறந்து திறந்தபடியே வைத்திருக்கும்படி புரோகிராமை மாற்றிவிட்டார். நொடிக்கு ஒருமுறை திறந்து மூடியது நல்ல பழக்கமில்லை என்று அவரே ஒத்துக்கொண்டார். அதன் பிறகு கணினி உறையவில்லை. அட்டை விற்றவர்களுக்கும் அந்தப் பக்கத்தை அனுப்பினோம். பதில் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து புதிய டிரைவர் கோப்பு மட்டும் வந்தது. அதிலும் மூலநிரல் இல்லை.

இப்போது எங்கே நிற்கிறது?

மூடிய மாட்யூல்களுக்குப் பெயர்போன என்விடியா, 2022 மே மாதம் தன் லினக்ஸ் கெர்னல் மாட்யூல்களின் மூலநிரலை வெளியிட்டது. நல்ல செய்தி. ஆனால் முன்பு டிரைவர் செய்துவந்த வேலையில் பெரும்பகுதி அட்டையிலேயே இருக்கும் தனிச் சிப்பின் ஃபர்ம்வேருக்குப் போய்விட்டது. அந்த ஃபர்ம்வேர் மூடியதுதான். முன்அறையைத் திறந்துவிட்டு, பின்னால் ஒரு அறையைப் பூட்டியிருக்கிறார்கள்.

2024 ஜூலையில் வந்த லினக்ஸ் 6.10ல் சுரேன் பாக்தசார்யான், கென்ட் ஓவர்ஸ்ட்ரீட் இருவரின் முயற்சியால், நினைவகம் கேட்கும் ஒவ்வொரு வரிக்கும் தனிக் கணக்கு வைக்கும் வசதி சேர்ந்தது. எப்போதும் இயக்கி வைக்கும் அளவுக்குச் செலவு குறைவு என்பதுதான் அதன் சிறப்பு. சந்தேகம் வந்த பிறகு வாட்ச்மேனைத் தேடுவதை விட, முதல் நாளிலிருந்தே நோட்டு இருப்பது நல்லதுதானே.

வாசல் கணக்கு எல்லாவற்றையும் சொல்லாது. அந்த டிரைவர் ஏன் திருப்பித் தரவில்லை என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. மறதியா, அவசரமா, யாரோ ஒரு வரியைத் தவறவிட்டார்களா... அறைக்குள் போனால்தான் தெரியும். மூலநிரல் கேட்பதை விட்டுவிடக்கூடாது என்பவர்களுடைய பேச்சு எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது. ஆனால் அது கிடைக்கும் வரை, செய்யாத தப்புக்கு ஒருவர் பழி சுமக்காமல் இருக்க அந்தக் கணக்கு போதுமானதாக இருந்தது. 2002ல் வம்சி கிருஷ்ணா எழுத ஆரம்பித்த வேலை இருபது வருடம் கழித்து அனுப்பர்பாளையத்தில் ஒரு மாணவனுக்கு ஃபீஸ் கட்ட உதவும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தொழில்நுட்ப விஷயத்தில் நான் கத்துக்குட்டி. எங்காவது தவறாக எழுதியிருந்தால் விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து பின்னூட்டத்தில் திருத்துங்கள். கணக்கில் தவறு என்றால் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், எங்கள் துறைத்தலைவரும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார். :)

மீண்டும் அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.